துணைக்கால்

அடுப்பை அணைத்தேன், அணைத்தேன்தான், திருகைத் திருப்பியபோது விரலில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் இருக்கிறது, ஆனால் அது நேற்றுச் சாயங்காலத்துப் பிசுக்காகவும் இருக்கலாம், சுண்டலைத் தாளித்துவிட்டு அப்படியே பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேனா, இல்லை அணைத்துவிட்டுத் தூக்கினேனா, ஆவுடையிடம் சொன்னால் நீ வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்பாள், என் மகள்தான், ஆனால் இந்த மாதிரி காலைகளில் அவள் எனக்கு மகள் இல்லை, கையில் சின்ன மைக்கை வைத்துக்கொண்டு மணிக்கூண்டுக்குக் கீழே நின்று வந்தவர்களின் தலையை எண்ணுகிறாள், பத்தொன்பது பேர், என்னைச் சேர்க்கவில்லை, நான் தண்ணீர் பாட்டிலும் சுண்டலும் சுமக்கிற ஆள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கு ஊர் நடை. ஊரின் மறைந்த பக்கங்கள் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறாள். முதல் நடை தூக்குப் புளியமரம், இரண்டாவது உப்பு மூட்டை அடுக்கிய பழைய கிட்டங்கியில் ஆளை அடைத்து வைத்த அறை, மூன்றாவது ஒரே வீட்டில் மூன்று பேர் விழுந்த கிணறு, ஜனங்களுக்கு இதெல்லாம் என்னவோ தித்திக்கிறது, பிள்ளைகுட்டியோடு வந்து கிணற்றை எட்டிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இன்றைக்கு நாலாவது, போதிமேடு. "ஊர்ல ஒரு இடமாவது நல்லதா இருக்கேம்மா" என்று மூன்று வாரத்துக்கு முன்னால் சோற்றில் கை வைத்தபடி ஆவுடை சொன்னாள், புத்தர் காலத்துப் பிக்குகள் தங்கின மேடாம், அரசமரம் நின்றதாம், அதனால்தான் போதியாம், அதை எழுதிக் கல்லில் வெட்டக் கொடுத்தாகிவிட்டது, இன்றைக்கு அந்தக் கல்லைத் திறந்துவிட்டு அங்கே இருக்கிற பழைய தகரப் போர்டைக் கழற்றிவிடுவார்கள், தகரம் காயலான் கடைக்குப் போகும். நான் அவள் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். அந்த மூன்று வாரமும் நான் சொல்லவில்லை. தினமும் சொல்ல வந்தேன், தினமும் புளி வாங்கணும் என்றோ தண்ணி வரலை என்றோ சொல்லிவிட்டுத் திரும்பினேன். அந்தப் போர்டை எழுதியது என் அப்பா. அதில் இருப்பது பொய். பொய் என்று உலகத்தில் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருத்தி நான்.

மேலரதவீதி வழியாக நடக்கிறோம், செருப்பு வார் தேய்க்கிறது, பழைய செருப்பையே போட்டிருக்கலாம், எனக்கு முன்னால் வேலாயுதம் அண்ணாச்சி போகிறார், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், எந்தத் தெருவுக்கு வந்தாலும் இந்த வீட்டுக்கு நான் என்ன தந்தி கொடுத்தேன் தெரியுமா என்று ஆரம்பிப்பார், இப்போது என்னைத் திரும்பிப் பார்த்து, என்னம்மா பை கனக்கோ, மக ஊரையே இழுத்துட்டுப் போறா, நீ சுண்டலை இழுத்துட்டு வாற என்கிறார், சிரித்தேன், சிரித்த முகத்தோடேயே வண்டிப்பேட்டைத் தெருவுக்குள் திரும்பினோம், நான் பிறந்த தெரு. ஆவுடை மைக்கைப் பிடித்தாள். இந்தத் தெருவில் மட்டும் யாரும் மணி அடிப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா என்று கேட்டாள். உண்மைதான், ஐஸ்காரர் முக்கு திரும்பியதும் மணியின் நாக்கைப் பிடித்துக்கொள்வார், கோயில் யானை வந்தால் பாகன் கழுத்து மணிக்குள் துண்டைத் திணிப்பான், குப்பை வண்டி இழுக்கிற இசக்கியம்மாள்கூட ஊரெல்லாம் மணி ஆட்டிக்கொண்டு வந்து இங்கே மட்டும் குப்பை, குப்பை என்று வாயால் கூப்பிடுவாள், ஏன் என்று கேட்டால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான், இந்தத் தெருவுக்கு ஆகாது. பிக்குகள் தியானத்துக்குப் போகிற வழி இது, அந்த அமைதியின் மிச்சம்தான் இந்த வழக்கமாக இருக்கலாம் என்றாள் ஆவுடை, எவ்வளவு அழகாகச் சொல்கிறாள், பத்தொன்பது பேரும் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், வேலாயுதம் அண்ணாச்சிகூட இருமலை அடக்கினார். இல்லை ஆவுடை. இல்லடா கண்ணு. இது வண்டி போன வழி. கொள்ளைநோய் வந்த வருஷம், வாந்திபேதி, காலையில் வாய்க்காலுக்குப் போனவன் சாயங்காலம் இல்லை, ஊரில் விழுந்தவர்களை ஒரு மாட்டு வண்டியில் அள்ளிப் போட்டு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேட்டில் கொண்டுபோய் இறக்குவார்கள், செத்தவர்களை மட்டுமல்ல. ஒரு கலயம் கஞ்சித் தண்ணீரும் பக்கத்தில் வைப்பார்களாம், அப்பா அதைச் சொல்லும்போது எப்போதும் கலயத்திடம் வந்து நிறுத்துவார், கஞ்சி வச்சிருக்காம்னா உயிரு இருக்குன்னு தெரிஞ்சுதான வச்சிருக்கான் என்பார். வண்டி வருவது தெரிவதற்கு மாட்டின் கழுத்தில் மணி. மணிச் சத்தம் கேட்டால் தெருவே கதவை அடைத்துக்கொள்ளும். அமைதியாம். கதவை அடைத்துக்கொண்டு உள்ளே மூச்சைப் பிடித்து நின்ற அமைதி.

வெயில் ஏறுகிறது, பிடரியில் வேர்க்கிறது, ரத்த அழுத்த மாத்திரை போட்டேன், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, மாத்திரை ஞாபகம் இருக்கிறது, அடுப்புதான் இல்லை. அப்பாவின் வண்ண டப்பாக்கள் ஞாபகம் இருக்கிறது, மூடியைத் திறந்தால் வரும் டர்பன்டைன் வாசனை, எனக்கு ஒன்பது வயது, பள்ளிக்கூடம் லீவு, ஊருக்கெல்லாம் தெருப் பெயர் எழுதுகிற வேலை அப்பாவுக்குக் கிடைத்திருந்தது, நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு கூடவே போவேன், வார்டு ஆபீஸில் கொடுத்த தாளைப் பார்த்துப் பார்த்து எழுதுவார். தாளில் இருந்த பெயர் பேதிமேடு, ஊரில் வெறுமனே மேடு என்பார்கள், பழைய பெயர் அந்தத் தாளில் மட்டும்தான் மிச்சம் இருந்தது. இரட்டைக்கொம்பு, ப, தி, மே, டு, நான் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தேன், ஏனென்றால் எங்கள் ஊரில் அது திட்டு, அம்மா கோபம் வந்தால் பேதியில போவ என்றுதான் ஆரம்பிப்பாள், அதைப் போய் போர்டில் எழுதுகிறாரே. அப்போதுதான் மேட்டில் வீடு கட்டிப் பத்துப் பன்னிரண்டு குடும்பம் வந்திருந்தது. போர்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து பூரணத்தக்கா வெளியே வந்தாள், இடுப்பில் குடம், ரொம்ப நேரம் நின்று பார்த்தாள். அண்ணே, நாளைக்கு எம் பொண்ணப் பாக்க வாறாவ, இத வாசிச்சிட்டு வீட்டுக்குள்ள வருவாங்களா என்று கேட்டாள், அழவில்லை, சும்மா நேரம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அப்பா தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு போர்டைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ப-வுக்கும் தி-க்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. மேலேயிருந்து கீழே ஒரு இழுப்பு, ஒரு வளைவு. துணைக்கால். முதல் வகுப்பில் டீச்சர் குச்சியால் தட்டிச் சொல்லிக் கொடுத்த துணைக்கால். பேதி போதி ஆகிவிட்டது. "ஒத்தைக் கால்தான். நிக்கட்டும்" என்றார் அப்பா. பூரணத்தக்கா குடத்தை இறக்கி எனக்கும் அப்பாவுக்கும் தண்ணீர் கொடுத்தாள். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு யாரோ ஒருவர் வந்து போதி என்றால் அரசமரம் என்றார், இன்னொருவர் பத்திரிகையில் எழுதினார், சிமெண்டில் ஒரு புத்தர் வந்து உட்கார்ந்தார், அப்பா அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். சர்க்கார் போர்டில் இல்லாத எழுத்தைச் சேர்த்தால் என்ன தண்டனை, செத்தவர்மேல் கேஸ் போடுவார்களா, டப்பா பிடித்தவள்மேல் போடுவார்களா, இந்தக் கேள்வியை நான் நாற்பது வருஷமாக யாரிடமும் கேட்கவில்லை, போன வருஷம் ஒரு வக்கீல் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தார், அவரிடம்கூட ஜன்னலைச் சாத்தவா என்றுதான் கேட்டேன்.

வாய்க்கால் பாலம் வந்துவிட்டது, தண்ணீர் முழங்கால் அளவுதான், ஆகாயத்தாமரை பூத்துக் கிடக்கிறது, எல்லாரும் படம் எடுக்கிறார்கள், நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இதைத்தான் அந்த வண்டியில் உயிரோடு போன ஒரு பெண்பிள்ளை தாண்டி வந்தாள். ஆறு வயது. மேட்டில் இறக்கிவிட்டுப் போன மூன்றாவது நாள் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள், சுற்றிலும் யார் யார் கிடந்தார்களோ, அப்பா அதைச் சொன்னதில்லை, நானாக நினைத்துப் பார்ப்பேன், பிறகு நினைக்க மாட்டேன். மாட்டுக் கழுத்திலிருந்து அறுந்து விழுந்த மணி ஒன்று அங்கே கிடந்திருக்கிறது. குழந்தைதானே, எடுத்துக்கொண்டாள். ஆட்டிக்கொண்டே வாய்க்காலைத் தாண்டி வண்டிப்பேட்டைத் தெருவுக்குள் வந்தாள், விளையாட்டா, துணைக்கா, தெரியாது. மணி கேட்டதும் தெரு அடைத்துக்கொண்டது. அவள் வீடும் அடைத்துக்கொண்டது. கதவுக்கு அந்தப் பக்கம் அவளைப் பெற்றவள் நின்றாள் என்றும் சொல்வார்கள், அவள் அதற்கு முந்தின நாளே போய்விட்டாள் என்றும் சொல்வார்கள், அப்பா ஒரு நாள் ஒரு மாதிரிச் சொல்வார், எனக்கு ஆவுடை பிறந்த பிறகு நான் இரண்டாவதைத்தான் நம்புகிறேன். கை வலித்து மணியைக் கீழே போட்டபோது எதிர்வீட்டுக் கதவு ஒன்று திறந்தது, வண்டிக்காரன் வீடு, அவன் பெண்டாட்டிதான் தூக்கிக்கொண்டாள். பழைய பெயர் என்னவென்று யாரும் கேட்கவில்லை. மீண்டாள் என்று கூப்பிட்டார்கள். அவள் வளர்ந்து, கல்யாணமாகி, பெற்ற மகன்தான் என் தாத்தா. அந்தப் பெயரைத்தான் அப்பா எனக்கு வைத்தார், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது டீச்சர், மீண்டாளா, இது என்ன பேரு, விளங்காத பேரு என்று சொல்லி மீனாள் என்று எழுதிக்கொண்டார், ஒரு ண்ட போய் ஒரு ன வந்தது, ரேஷன் கார்டிலும் மீனாள், கல்யாணப் பத்திரிகையிலும் மீனாள். அப்பா மட்டும் கடைசி வரைக்கும் மீண்டா என்று கூப்பிட்டார், பல் போனதால் அப்படி வருகிறது என்று ஆவுடை நினைத்துக்கொண்டாள். ஒரு எழுத்தைச் சேர்த்தார் அப்பா, ஒரு எழுத்தை எடுத்தார் டீச்சர், இரண்டும் நல்லதற்குத்தான், இரண்டுக்கும் நடுவில் அந்தக் குழந்தை மேட்டுக்கும் தெருவுக்கும் இடையில் நின்றுகொண்டே இருக்கிறது. ஆதாரம் இருக்கா என்பாள் ஆவுடை. எதைச் சொன்னாலும் அதுதான் கேட்பாள், ஆதாரம் இருக்காம்மா. என்னிடம் என்ன இருக்கிறது. ஏழாவதோடு நின்றவள், அம்மா படுக்கையில் விழுந்த வருஷம். எல்லார் முன்னாலும் அவள் தப்பு என்று நான் சொன்னால் அவள் முகம் என்ன ஆகும், ஊரில் ஒரே ஒரு நல்ல இடத்தைக் கண்டுபிடித்தாள், அதையும் பெற்றவளே பிடுங்கினாள் என்று ஆகாதா. சொல்லாவிட்டால் கல்லில் ஏறிவிடும். தகரத்தில் இருக்கிற பொய் துருப்பிடிக்கும், கல்லில் இருக்கிற பொய் எங்கே துருப்பிடிக்கும்.

மேடு என்றுதான் பெயர், இப்போது ஏற்றமே தெரியவில்லை, சிமெண்டு ரோடு, வாசலில் கோலம், ஒரு வீட்டில் மிளகாய் காய்கிறது, சிமெண்டுப் புத்தரின் மடியில் யாரோ செம்பருத்தி வைத்திருக்கிறார்கள். கல்லைச் சாக்கால் மூடிச் சுவரில் சாய்த்திருக்கிறது. போர்டு அங்கேயே நிற்கிறது, இரண்டு இரும்புக் கால்களில், நீலம் வெளுத்து, வெள்ளை எழுத்து பழுத்து. ஸ்பேனரோடு ஒரு ஆள் பக்கத்தில் தயாராக நிற்கிறார். பூரணத்தக்கா நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள், எண்பதைத் தாண்டிவிட்டாள், என்னைப் பார்த்தாள், நான் தலையைக் குனிந்துகொண்டேன், இவள் கேட்டதற்குத்தானே, இவள் முன்னால் எப்படிச் சொல்வது, பேரன் பேத்தி எடுத்தவளைப் பேதிமேட்டுக்காரி ஆக்குவதா. ஆவுடை பேச ஆரம்பித்துவிட்டாள். பிக்குகள் என்கிறாள், அமைதி என்கிறாள், ஸ்பேனர் ஆள் முதல் நட்டில் கை வைத்துவிட்டார், கிறீச் என்று ஒரு சத்தம், பல்லெல்லாம் கூசியது, என் கையில் இருந்த பை கீழே போயிற்று, சுண்டல் கொட்டியதா, கொட்டட்டும், நான் போர்டுக்கு முன்னால் நிற்கிறேன், எப்படி வந்தேன் தெரியவில்லை, எம்மா என்ன பண்ணுத என்கிற குரல் முதுகுக்குப் பின்னால் எங்கேயோ கேட்கிறது. கையைத் தூக்கினேன். அந்தத் துணைக்கால்மேல் உள்ளங்கையை வைத்து மூடினேன். தகரம் வெயிலில் சுட்டது. "இப்ப வாசி" என்றேன்.

பிறகு ஆவுடைதான் வாசித்தாள், மைக்கைக் கீழே இறக்கிவிட்டு, எழுத்துக்கூட்டுகிற பிள்ளை மாதிரி. பேதிமேடு. யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். நான் கையை எடுக்கவில்லை, எடுத்தால் வாய் மூடிக்கொள்ளும் என்று பயம், அப்படியே நின்றபடி சொன்னேன், வண்டியைச் சொன்னேன், கலயத்தைச் சொன்னேன், மணியைச் சொன்னேன், அப்பாவின் தூரிகையைச் சொன்னேன், முன்பின்னாகச் சொன்னேன், குழந்தை தெருவுக்கு வந்த பிறகு குழந்தைக்கு ஆறு வயது என்று சொன்னேன், பூரணத்தக்கா பெயரை மட்டும் சொல்லவில்லை, ஒரு அம்மா கேட்டாள் என்றேன். ஆவுடையின் வாய் திறந்தது, ஆதா என்று பாதி வந்தது, எனக்குத் தெரியும், ஆனால் அவள் மீதியைச் சொல்லாமல் பக்கத்தில் வந்து என் கையை மெதுவாக விலக்கிவிட்டு அந்தக் காலைப் பார்த்தாள். மற்ற எழுத்தெல்லாம் தாராளமாக நிற்கின்றன, அது மட்டும் ஒல்லியாக, கூட்டத்தில் உள்ளே நுழைந்து நிற்கிற ஆள் மாதிரி ஒடுங்கி நிற்கிறது. "இது ஏன் இப்படி நெருக்கியிருக்குன்னு நான் எத்தனை நாள் யோசிச்சிருக்கேன் தெரியுமா" என்றாள், கண் கலங்கியிருந்தது, கோபமா, இல்லை, கோபம் என்றால் எனக்குத் தெரியும், மூக்கு சிவக்கும். ஏன் முன்னாலேயே சொல்லலை என்று கேட்டாள். ஊர்ல ஒரு நல்ல இடம்னு சொன்னியேட்டி என்றேன். அப்போதுதான் பூரணத்தக்கா நாற்காலியில் இருந்தபடி எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் பேசினாள். "யாரோ ஒரு அம்மா என்ன, நாந்தான் கேட்டேன். மறுநா வந்தவங்க போர்டையும் பாத்தாவ, பொண்ணையும் பாத்தாவ, கெட்டிக்கிட்டாவ. அவளுக்குப் பேரனே பொறந்தாச்சு. இனி என்ன, போர்டு சரியில்லைன்னு பொண்ணத் திருப்பியா அனுப்பப் போறாவ?" கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. இத்தனை வருஷமா வாசல் தெளிக்கும்போது யாரு மேல தண்ணி விடுதோம்னு தெரியாமலா தெளிச்சேன், நாலு பூவாவது போட்டிருப்பேன், யாருக்குன்னு சொல்லிப் போடத்தான் தைரியம் இல்லை என்றாள்.

கல்லை என்ன செய்வது என்று பேச்சு வந்தது, தகரத்தில் ஒரு காலைச் சேர்க்க ஒரு இழுப்பு போதும், கல்லில் ஒரு காலை எடுக்க உளி வேணுமே என்றார் வேலாயுதம் அண்ணாச்சி, ஆவுடை சாக்கை விலக்கிப் பார்த்துவிட்டு, பெயர் இருக்கட்டும், பெயருக்குக் கீழே நான் எழுதினதுதான் வேண்டாம், பின்பக்கம் வெறுமனே இருக்கு, திருப்பி வச்சு முதல்ல இருந்து எழுதலாம், கால் எப்படி வந்துச்சுங்கறதையும் சேர்த்து என்றாள். போர்டு காயலான் கடைக்குப் போகாது, அதைச் சொன்னபோது ஸ்பேனர் ஆளுக்குத்தான் ஏமாற்றம். இது நல்ல இடம் இல்லைன்னு யாரு சொன்னா, அந்தப் பிள்ள எந்திரிச்சு வந்த இடம்லா என்றாள் ஆவுடை என்னிடம் மட்டும். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு, அந்தப் பிள்ளை பேரு என்னம்மா என்று கேட்டாள், நான் சொன்னேன், அவள் எழுதப்போன பேனா நின்றது, என்னை நிமிர்ந்து பார்த்தாள், என் அப்பாவின் போன பல்லைத்தான் நினைத்திருப்பாள். மீ, ண், டா, ள் என்று நானே எழுத்துச் சொன்னேன், ண்-ஐயும் டா-வையும் விட்டுராத என்றேன், அதிலும் ஒரு துணைக்கால் இருப்பது அப்போதுதான் எனக்கே கண்ணில் பட்டது. சுண்டல் கொட்டவில்லை, மூடி இறுக்கமாக இருந்திருக்கிறது, நின்றபடியே எல்லாரும் தின்றார்கள், உப்பு கொஞ்சம் தூக்கல்.

திரும்பும்போது வண்டிப்பேட்டைத் தெரு முக்கில் இசக்கியம்மாள் குப்பை வண்டியோடு நின்றாள், வழக்கம்போல மணியைக் கழற்றி மடியில் செருகப் போனாள். ஆவுடை அவளிடம் போய் என்னவோ சொன்னாள். இசக்கியம்மாள் என்னைப் பார்த்தாள், ஆவுடையைப் பார்த்தாள், ஏதாவது ஆச்சுன்னா நான் பொறுப்பில்லம்மா என்றாள். நானும் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், எந்தக் கதவு அடைக்கும் என்று கண் வரிசையாகத் தேடியது, நூறு வருஷத்துக்கு மேல் கேட்காத சத்தம். அவள் மணியை ஆட்டினாள். சின்ன மணிதான், கிணுகிணு என்று நீளமாகத் தெருவின் கடைசி வரைக்கும் போயிற்று. பிறகு மூன்றாவது வீட்டுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது, திறந்தது, கையில் சிவப்பு வாளியோடு ஒருத்தி எட்டிப் பார்த்தாள், இங்க மணி அடிக்கக் கூடாதுன்னு தெரியாதாட்டி என்று வைதுகொண்டே வாளியோடு இறங்கி வந்தாள், எதிர்வீடு திறந்தது, அதற்கடுத்தது, இரண்டு பக்கமும் கதவு கதவாகத் திறந்துகொண்டே போயிற்று, பச்சை வாளி, பிளாஸ்டிக் பை, பழைய சட்டி, யாரு அது, என்ன சத்தம், யாரு செத்தா, யாரும் சாகலை குப்பை வண்டிதான் என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள், தெருக் கடைசியில் என் பிறந்த வீட்டுக் கதவும் திறந்தது, இப்போது யார் யாரோ இருக்கிறார்கள், நைட்டிமேல் துண்டு போட்ட ஒரு சின்னப் பெண் வாசலில் நின்று யார் வருகிறார்கள் என்று பார்த்தாள். நான்தான் வந்துகொண்டிருந்தேன். அடுப்பு ஞாபகம் வந்தது. அணைத்திருப்பேன்.